ஐந்நூறு கிராமுக்குள்

மார்ச் 3, செவ்வாய்

பரண் மேல் இருந்த பழைய கேமராப் பையை இறக்கி எடை பார்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழித்தால் ஒன்பது கிலோ நானூறு கிராம். (என் எடையை இங்கே எழுதப் போவதில்லை.)

இருபத்தெட்டு வருடம் இதைத்தான் ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அருங்காட்சியகத்தில் பானை, காசு, உடைந்த கைப்பிடி என்று எல்லாவற்றையும் எண் போட்டு படம் எடுக்கிற வேலை. விடுமுறைக்குப் போனாலும் அதே பை கூடவே வரும். நான் பெட்டிகளைத் தூக்குவேன், அவர் பையைத் தூக்குவார். எங்கள் வீட்டு வேலைப் பிரிவினை அது.

போன ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் பேச்சைக் கேட்கவில்லை. நாக்கு மூன்று மாதத்தில் திரும்பிவிட்டது, கொஞ்சம் நிதானமாக. கால் பரவாயில்லை, தாங்கித் தாங்கி நடக்கிறார். கேமராவை மட்டும் இந்தப் பதினொரு மாதத்தில் ஒருமுறைகூடத் தொடவில்லை.

மே மாதம் கடற்கரை ஊருக்கு ரயிலில் எட்டு நாள் போகலாம் என்று, இதெல்லாம் நடப்பதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். போக வேண்டும். அவர் கையில் ஒரு கேமராவோடு போக வேண்டும். அது இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவரை என்னால் எட்டு நாள் பார்க்க முடியாது. இதை அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பிசியோதெரபி அம்மாளிடம் கேட்டேன். இடது கைக்கு ஐந்நூறு கிராம் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வலது தோளில் எதையும் மாட்டவே கூடாது, மூட்டு இறங்கிவிடும். கழுத்திலும் தொங்கவிடக் கூடாது. இடது தோளில் மாட்டினால்? நழுவும், நழுவுவதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும் என்றார். அந்த இன்னொரு கைதான் லீவில் இருக்கிறதே.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்கும். மருத்துவமனை மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக நான் பார்ப்பது இதைத்தானே. யாருக்கு, எத்தனை, எவ்வளவு எடைக்கு எவ்வளவு. இந்த வேலையில் சேர்ந்த புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர் மில்லிகிராம். பிறகு சுருங்கி மில்லி ஆனது. இப்போது கூப்பிடுவதே இல்லை. "ஏய், இங்க பாரேன்" கூட இல்லை. தேவை என்றால் என்னைப் பார்ப்பார். நான் ஓடிப் போய் நிற்பேன், எள் என்றால் எண்ணெயாக.

கேட்க அவருக்கு வாய்ப்பே கொடுப்பதில்லையோ நான்? சரி, இது கிடக்கட்டும்.

இரவு சமைக்கும்போது இடுப்புப் பை ஒன்றில் தக்காளியை நிரப்பி, ஐந்நூறு கிராம் ஆக்கி, நானே இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். தொந்தரவில்லை. ஒரு தக்காளி மட்டும் நசுங்கிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். பயணம் வேண்டவே வேண்டாம் என்கிறாள். வழியில் ஒன்று ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவாய், அங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறதா, படி இருக்கும், ஈரத் தரை இருக்கும். கேட்கக் கேட்க அது என் குரல் மாதிரியே இருந்தது. நூலைப் போல சேலை.

கேமரா வாங்கித் தருவதைச் சொன்னேன். "அப்பா கேட்டாரா?" என்றாள். கேட்கவில்லை, ஆனால் அவருக்கு வேண்டும், எனக்குத் தெரியும் என்றேன். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். டிவி சத்தம் இரண்டு படி ஏறியது.

மார்ச் 14, சனி

கேமராக் கடைக்குப் போனேன். பழசும் புதுசும் விற்கிற சின்னக் கடை. அவர் பலமுறை சொல்லியிருக்கிறார், நான் உள்ளே போவது இதுவே முதல்முறை. நடத்துவது ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், கழுத்தில் கண்ணாடி, விரல் நுனியில் கறுப்பு மை மாதிரி ஏதோ.

நான் தேவைகளைத் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஐந்நூறு கிராமுக்குள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பையில் அடங்க வேண்டும். லென்ஸ் கழற்றி மாட்டுகிற வேலை இருக்கக் கூடாது, அதற்கு இரண்டு கை வேண்டும். பயணத்துக்கும் ஆக வேண்டும், தினமும் பால் வாங்கப் போகும்போதும் இடுப்பில் இருக்க வேண்டும்.

அந்த அம்மாள் தாளை முழுக்கப் படித்தார். அப்புறம் கேட்டார்.

"படம் எடுக்கப் போறது யாருங்க?"

"என் வீட்டுக்காரர்."

"அவரு வரலையா?"

நடக்கச் சிரமம் என்றேன். அது முழு உண்மை இல்லை. தெருமுனை வரை தினம் நடக்கிறார். அந்த அம்மாள் மேஜைமேல் ஆறேழு கேமராவை வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றையும் அவருடைய தபால் தராசில் வைத்துப் பார்த்தேன். நானூற்று எழுபது. முந்நூற்றுத் தொண்ணூறு. கடைசியில் ஒன்று இருநூற்று முப்பத்தாறு, பேட்டரியோடு. ஒரு பெரிய சோப்புக் கட்டி அளவு. அதைக் கையில் எடுத்ததும் முடிவு செய்துவிட்டேன்.

"கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா அவரையே கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த 'அவரையே' எனக்கு உறைத்தது. உறைத்தும் உறைக்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

கொடுத்தேன்.

"நல்லா இருக்கு" என்றார். மருத்துவமனையில் கஞ்சி கொடுத்தபோது சொன்ன அதே 'நல்லா இருக்கு'.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. படம் எடுக்கிற பொத்தான் வலது பக்கம் இருக்கிறது. உலகத்தில் இருக்கிற எல்லா கேமராவுக்கும் வலது பக்கம்தான். நான் கடையில் ஏழு கேமராவையும் எடை போட்டேன், ஏழையும் என் வலது கையால்தான் அமுக்கிப் பார்த்தேன். ஒருமுறைகூட இது மண்டையில் ஏறவில்லை. பதினொரு மாதம் ஒரு கை இல்லாத மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்!

இடது கையால் அடியில் தாங்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மேலே வளைத்து அந்தப் பொத்தானைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொரு முறை. கேமரா வழுக்கி மெத்தையில் விழுந்தது. நல்லவேளை, மெத்தை.

"பழகிடும்" என்று நான் சொன்னேன். அவர் அதை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். மெதுவாக, எண் போட்ட பானையை அலமாரியில் வைக்கிற மாதிரி. இழுப்பறையை மூடினார்.

மார்ச் 16, திங்கள்

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரம் ஆகிறது. இழுப்பறை மூடியே இருக்கிறது. நான் காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வருகிறேன். நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்றால் "சும்மாதான்" என்கிறார். மாத்திரைப் பெட்டி மட்டும் சரியாகக் காலியாகிறது.

அழுகையாக வருகிறது. கோபமாகவும் வருகிறது. ஒருத்தி இவ்வளவு செய்கிறாளே, ஒரு முயற்சியாவது எடுத்துப் பார்க்கலாமில்ல? ஒரே ஒரு படம், அந்தச் சுவரையாவது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

மார்ச் 27, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

திருப்பிக் கொடுக்கலாம் என்று காலையில் கேமராவை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், உள்ளே ஏதாவது இருக்கிறதா, அழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று திறந்து பார்த்தேன்.

நாற்பத்து மூன்று படம்.

நாற்பத்து மூன்றும் தலைகீழ்.

நாற்காலி தலைகீழ். ஜன்னல் தலைகீழ். மாத்திரைப் பெட்டி, எதிர்வீட்டு மாடிப்படி, துணி காயும் கொடி. அடுப்படியில் என் முதுகு. எல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. எல்லாம் லேசாகக் கலங்கியும் இருந்தது.

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். நான் மருந்தகத்துக்காரி. பக்கவாதம் வந்தவர்களில் லட்சத்தில் ஒருவருக்கு மூளைக்குப் போகும் ரத்தம் திடீரென்று குறைந்தால் உலகமே தலைகீழாகத் தெரியும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அது இரண்டாவது தாக்குதலுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். எத்தனை நாளாக இப்படி? சொல்லாமல் மறைக்கிறாரா? தலைகீழாகப் பார்த்துக்கொண்டேதான் தினம் எனக்குக் காப்பி போட்டு வைக்கிறாரா, ஒற்றைக் கையால்?

மருந்தகத்தைச் சக ஊழியரிடம் விட்டுவிட்டு, டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொல்லி, டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போனேன். சட்டையை மாத்துங்க, சும்மா ஒரு செக்கப்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வந்தார்.

டாக்டர் கண்ணுக்கு விளக்கடித்துப் பார்த்தார். விரலைப் பின்தொடரச் சொன்னார். பிறகு ஒரு பேனாவை நிமிர்த்திப் பிடித்து, மூடி மேலே தெரிகிறதா கீழே தெரிகிறதா என்று கேட்டார். அவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேலதான். ஏன்?"

வேறு வழியில்லாமல் நான் கேமராவைப் பையிலிருந்து எடுத்தேன். படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். கொடுத்தேன். ஒரு திருப்புத் திருப்பினார். கேமரா கவிழ்ந்து நின்றது. அடிப்பாகம் மேலே, மேல்பாகம் கீழே. வலது பக்கம் இருந்த பொத்தான் இப்போது இடது பக்கம் வந்து, சரியாக அவர் கட்டைவிரலின் மேல் உட்கார்ந்திருந்தது. டாக்டரை நோக்கிப் பிடித்தார். க்ளிக்.

"இப்படித்தான் எடுக்கிறேன்" என்றார். "படம் கவுந்து வரும். அப்புறம் திருப்பிக்கலாம்."

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். கூட இருந்த நர்சும் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்ஸியில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, அதன் பிறகுதான் சொன்னார்.

"பன்னெண்டு நாளா பழகிட்டிருந்தேன். நல்லா வந்தப்புறம் உனக்குக் காட்டலாம்னு." என் பக்கம் திரும்பினார். "டாக்டரைக் கேட்ட. பிசியோவைக் கேட்ட. கடையில கேட்ட. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."



மார்ச் 28, சனி

தனித்தனியாகச் சாப்பிட்டோம். அவரும், நானும்.

மார்ச் 30, திங்கள்

இன்று கவுண்ட்டரில் ஒருவர் வந்தார். அப்பாவுக்கு மருந்து என்று சீட்டை நீட்டினார். பக்கத்தில்தான் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் மகனை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்: போன மாத்திரை ஒத்துக்கிச்சா ஐயா, தலை சுத்துச்சா, எப்ப சாப்பிடறது வசதி? பத்தொன்பது வருடமாக இதுதான் என் வழக்கம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். சாப்பிடப் போகிறவரைக் கேட்காமல் மாத்திரையைக் கையில் கொடுக்காதே.

அந்தப் பெரியவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் காது அடைத்துப் போனது.

ஊருக்கெல்லாம் உபதேசம். வீட்டில் ஒருத்தரைப் பதினொரு மாதமாக நான் கேட்டதே இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை, தட்டை வைத்திருக்கிறேன். பயம்தான் காரணம். அன்றைக்கு ஆம்புலன்சில் அவர் வாய் கோணி ஏதோ சொல்ல வந்தார், எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவர் வாய் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓட்டத்தில் ஆளையே விட்டுவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

அவர் குளிக்கப் போனபோது எனக்கு அந்தப் படங்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. கை இழுப்பறை வரை போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் வந்ததும் கேட்டேன், பார்க்கலாமா என்று.

தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "பாரு" என்றார்.

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்தேன். இப்போது எல்லாம் நேராக நின்றது. அன்று எனக்குத் தலைகீழ் என்பது மட்டுமே தெரிந்தது. நாற்பத்து மூன்றில் பதினொன்று நான். அடுப்படியில் முதுகு. செருப்பு மாட்டுகிறேன். தலை வாராமல் பேப்பர் படிக்கிறேன். நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிறேன், மடியில் ரிமோட். வீட்டில் இருந்தபோதே எடுத்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை. பழைய பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் என்னை எப்போதாவதுதான் எடுப்பார். வெளிச்சம் சரியில்லை என்பார். கொஞ்சம் தள்ளி நில், அந்தத் தூண் மறைகிறது என்பார்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து, என்னை ஒருத்தர் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் என்ன செய்வது? நான் அழுதேன். ஒளிக்கவில்லை.

"எல்லாம் கலங்கியிருக்கு" என்றார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து.

"ஏன் கலங்குது?" முதல் தடவையாகப் பதில் தெரியாமல் கேட்டேன்.

"ரொம்ப லேசா இருக்கு. கையில எதையும் பிடிச்ச மாதிரியே இல்ல. ஒத்தைக் கைக்கு கொஞ்சம் கனம் வேணும். கனம்தான் கையை நிறுத்தும்."

ஐயோ. நான் இருநூற்று முப்பத்தாறு என்று துள்ளிக் குதித்தேனே. டோஸ் கூடினால் மட்டுமா ஆபத்து? குறைந்தாலும் தவறான மருந்துதான் என்று எனக்கா தெரியாது?

"மன்னிச்சுக்கோங்க" என்றேன். கேமராவுக்காக மட்டும் இல்லை. அவருக்கும் அது தெரிந்தது. ஈரத் துண்டை என் தலையில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 4, சனி

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம்.

கடைக்கார அம்மாள் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். எங்கே ஆளையே காணோம் என்றார். பழைய பழக்கம் போலிருக்கிறது, எனக்குத் தெரியாமல் ஒரு கடையே நண்பராக இருந்திருக்கிறது. அவர் ஒன்றும் விளக்கவில்லை. மேஜையில் இருந்த ஒரு கேமராவை இடது கையால் எடுத்துக் கவிழ்த்துப் பிடித்துக் காட்டினார். அந்த அம்மாள் ஒரு 'அச்சச்சோ'கூடச் சொல்லவில்லை. "அப்படின்னா தலை தட்டையா இருக்கறது வேணும் உங்களுக்கு, உள்ளங்கையில உக்காரணும்ல" என்று அலமாரியைத் திறந்தார். இவர்களைத்தான் தொழில் தெரிந்தவர்கள் என்பது.

ஒரு மணி நேரம். நான் முக்காலியில் உட்கார்ந்து வாயைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மேலே மேடு இருந்தால் கவிழ்க்கும்போது உள்ளங்கையில் குத்துகிறது, வேண்டாம். திரையில் தொட்டால் வேலை செய்கிறதெல்லாம் கன்னம் பட்டு ஏதேதோ ஆகிறது, அதை அணைத்துவைக்க வழி இருக்க வேண்டும். கவிழ்த்தால் எழுத்துகள் தலைகீழாகத் தெரியும், ஆனால் காட்சி நேராகத்தான் தெரிகிறது. நானும் பார்த்தேன், உண்மைதான். அப்புறம் மணிக்கட்டில் மாட்டும் பட்டை. வலது கைக்காக வைத்த வளையம், கவிழ்த்ததும் தானாக இடது மணிக்கட்டின் பக்கம் வந்து நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குன்னே செஞ்சிருக்கான்" என்றார்.

கடைசியில் ஒன்று. தட்டைத் தலை, கொஞ்சம் பழசு, ஒரு மூலையில் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிகிறது. முன்னால் சின்னதாக ஒரே ஒரு லென்ஸ், கிட்டவும் இல்லை எட்டவும் இல்லை. இன்னொரு லென்ஸ் வேண்டாமா என்று அந்த அம்மாள் கேட்டார். வேண்டாம், எட்ட இருக்கிறது வேண்டுமென்றால் கிட்டப் போகிறேன் என்றார் இவர்.

எடை பார்த்தோம். பட்டை, பேட்டரி எல்லாம் சேர்த்து ஐந்நூற்று முப்பது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்நூறு என்று என் தாளில் அடிக்கோடு போட்டிருந்தேன். நாக்கு நுனி வரை வந்தது. "உங்க கை என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"சரின்னு சொல்லுது" என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

இடுப்புப் பை தைத்தேன். கடையில் கிடைப்பதெல்லாம் ஜிப் வைத்தது. ஜிப் என்பது இரண்டு கைக்காரர்கள் கண்டுபிடித்தது, ஒரு கை இழுக்க மறு கை துணியைப் பிடிக்க வேண்டும். ஜிப்பைப் பிரித்துவிட்டு மூடிக்குக் காந்தம் வைத்தேன். முதலில் வைத்த காந்தத்தைத் திறக்க நானே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது காந்தம் இருமினால் திறந்துகொண்டது. மூன்றாவதை அவரே தேர்ந்தெடுத்தார்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். கேமரா, உபரி பேட்டரி ஒன்று, லென்ஸ் துடைக்கும் துணி. அவ்வளவுதான். மழைக்கு ஒரு உறை, சார்ஜர், சின்ன விளக்கு என்று நான் ஆரம்பித்தேன். "மில்லி" என்றார்.

நிறுத்திவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டதில், சொல்ல வந்ததும் மறந்துபோனது.

பிறகு அவரே, "பேட்டரி மட்டும் நீ மாத்திக் கொடு. அந்த மூடி எனக்கு ஒத்தைக் கையில திறக்க வரல" என்றார். அது உதவிதான். ஆனால் அவர் கேட்ட உதவி.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகளிடம் அவரே பேசினார். போகிறோம் என்றார். அவள் வாதாடினாள், இவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். உன் கவலை எனக்குப் பிடிச்சிருக்கும்மா, ஆனா போறோம் என்றார். பிறகு போன் என்னிடம் வந்தது. "அம்மா, நீ என்ன சொல்ற?" நான் என்ன சொல்ல? அப்பாவைக் கேட்டாச்சே என்றேன். நீ நல்லாத்தானே இருக்க என்று கேட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பால் வாங்கப் போனவர் ஆறு படத்தோடு வந்தார். பாலை மறந்துவிட்டார்.

மே 4, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன், கோணல்மாணலாக வரும். இந்தத் தடவை பெட்டி ஒன்று, பை ஒன்று, அவர் இடுப்பில் ஐந்நூற்று முப்பது. எதிர் இருக்கைப் பெண்மணி, கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களே என்று அக்கறையாக அவருக்குச் சொன்னார். விளக்கம் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "தெரியுங்க, இதுக்கு ஒரு கதை இருக்கு" என்று ஆரம்பித்து, டாக்டர் பேனா பிடித்த இடத்தில் என்னையும் மாட்டிவிட்டு, அந்த ரயில் பெட்டியையே சிரிக்க வைத்துவிட்டார். என் மானம் போனது. போகட்டும்.

மே 7, வியாழன்

கடல் தெரிகிற அறை. நாலாவது நாள்.

காலை ஆறேகாலுக்கு எழுப்பினார். மீன் இறங்கும் துறைக்குப் போகிறேன், தனியாக, எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். கேட்கவில்லை, அறிவிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே. சரி என்றேன். ஷூ மாட்டி லேஸ் கட்டிவிட்டேன். போனார்.

ஏழு பத்து. துணி மடித்தேன்.

ஏழரை. மடித்ததையே மறுபடி மடித்தேன்.

எட்டு.

எட்டேகால். ஜன்னலில் துறை தெரிகிறது, ஆட்கள் எறும்பு மாதிரி. அவர் தெரியவில்லை. ஈரத் தரை. படிகள். மகள் சொன்னது எல்லாம் வரிசையாக வருகிறது. செருப்பை மாட்டினேன். கழற்றினேன். போனால் அவர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். அந்த முகத்தை ஒரு தடவை டாக்டர் அறையில் பார்த்துவிட்டேன், போதும். இதை எழுதிக்கொண்டிருந்தால் கை இங்கேயாவது இருக்கும். போகக் கூடாது. போக மாட்டேன். கடவுளே, பத்திரமா வரட்டும்.

எட்டு ஐம்பது. படியில் அவர் நடை. தாங்கி, வைத்து, தாங்கி, வைத்து.

வந்தார். மீன் வாடை, தலையெல்லாம் காற்று, முகம் சிவந்து. நேரமாகிவிட்டது, கோபமா என்றார். பயந்துபோனேன், அவ்வளவுதான் என்றேன். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார். ஷூவைக் கழற்றக் குனிந்தேன்.

இடது காலில் இருந்தது என் முடிச்சு இல்லை.

இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இறுக்கி, கல் மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன்.

"போறப்பவே அவுந்துபோச்சு, நடு வழியில. அங்க ஒருத்தர் வலையைச் சரி பண்ணிட்டிருந்தாரு. கொஞ்சம் கட்டி விடுறீங்களான்னு கேட்டேன்" என்றார், ஏதோ மணி என்ன என்று கேட்டதைச் சொல்கிற மாதிரி.

இந்தப் பதின்மூன்று மாதத்தில் வெளி ஆளிடம் அவர் எதையும் கேட்டதில்லை. தெருமுனையில் ஒருமுறை லேஸ் அவிழ்ந்தபோது அப்படியே இழுத்துக்கொண்டு வீடு வரை வந்தவர். இன்று நான் இல்லாத ஒரு இடத்தில், யாரென்று தெரியாத ஒருவர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அதன் பிறகும் திரும்பி வராமல் பேட்டரி தீரும் வரை படம் எடுத்திருக்கிறார்.

எனக்கு அந்த முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை.

"கழட்டட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார். "பேட்டரி மாத்திக் கொடு. சாப்பிட்டுட்டு மறுபடி போகணும். இந்தத் தடவை நீயும் வர்றியா?"